கொஞ்ச நேரமே வந்தும் மறக்க முடியாத அனிமே பாத்திரம் யார்?

நாயகன், வில்லன் வேண்டாம். எனக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டின் மேஸ் ஹ்யூஸ். கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் மகளின் போட்டோவை நீட்டி உயிரை வாங்குகிற மனுஷன், கடைசியில் டெலிபோன் பூத்தில் நிற்கும்போது எதிரி அவர் மனைவியின் உருவத்தில் வந்து நிற்க, கத்தியை வீச முடியாமல் கை தயங்கிவிடுகிறது. அடக்கத்தில் அந்தக் குழந்தை, அப்பாவை ஏன் மண்ணைப் போட்டு மூடுகிறார்கள் என்று கேட்கும். அதற்குமேல் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டேன். உங்களுக்கு?

பதில் 1:
ஃப்ரீரன் தொடரில் வரும் வீரன் ஹிம்மெல். ஆள் முதல் அத்தியாயத்திலேயே போய்விடுகிறார், ஆனால் கதை முழுக்க அவர்தான். ஊர் ஊராகச் சிலை வைத்துக்கொள்கிறாரே, தற்பெருமை என்றுதான் நினைத்தேன், பார்த்தால் ஆயிரம் வருஷத்துக்குமேல் வாழ்கிற நாயகி ஃப்ரீரன் பிற்காலத்தில் தனியாகிவிடக் கூடாது என்பதற்காகவாம். போங்கப்பா.

பதில் 2:
மனிதராகத்தான் இருக்க வேண்டுமா? ஒன் பீஸின் கோயிங் மெர்ரி, கப்பல்! உடைந்துபோன நிலையிலும் ஆளில்லாமல் தானே வந்து எல்லாரையும் காப்பாற்றும், அப்புறம் கேப்டன் லூஃபியே தன் கையால் அதற்குத் தீ வைப்பான். ஒரு மரக்கப்பலுக்காக அழுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பதில் 3:
நேற்றுதான் ஒன் பீஸ் ஆரம்பித்தேன். நல்லா இருங்க.

பதில் 2:
ஐயோ, மன்னிச்சிருங்க. ஆயிரம் எபிசோடுக்குமேல் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பீர்கள்.