நாராவில் ஒரு பகல்தான்: ஹோர்யூஜியா, தோதாய்ஜியா?

கேள்வி: கோவைப்பெண்

வணக்கம். நவம்பர் நடுவில் அப்பா அம்மாவோடு ஜப்பான் போகிறோம், ஒசாகாவில் தங்கல். நாராவுக்கு ஒரு பகல்தான் ஒதுக்க முடியும். அப்பாவுக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர், உலகத்திலேயே பழைய மரக் கட்டடம் ஹோர்யூஜி கோயில்தான் என்று எங்கேயோ படித்துவிட்டு அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. நாராவில் சுற்றித் திரியும் மான்களையும் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரையும் பார்த்தால் அவருக்குப் போதும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா, இல்லை ஒன்றை விட்டுவிடுவது நல்லதா? படம் எடுக்க விடுவார்களா, செருப்பு கழற்ற வேண்டுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, இதெல்லாமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஒசாகாவாசி

முடியும், ஆனால் வரிசை முக்கியம். ஹோர்யூஜி நாராவுக்கு அந்தப் பக்கம் இல்லை, ஒசாகாவிலிருந்து போகிற வழியிலேயே இருக்கிறது. ஒசாகாவின் தென்னோஜி நிலையத்தில் ஜே.ஆர். யமாதோஜி தடத்து ரேபிட் ரயில் ஏறினால் அரை மணிக்குள் ஹோர்யூஜி நிலையம், அங்கிருந்து நாரா இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நிறையப் பேர் முதலில் நாரா போய் மான்களோடு பொழுதைக் கழித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஹோர்யூஜிக்கு ஓடி வருவார்கள், குளிர்காலத்தில் அங்கே 4:30க்கே கதவைச் சாத்திவிடுவார்கள். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். நிலையத்திலிருந்து நடந்தால் இருபது நிமிடம், அம்மாவுக்காக பஸ்ஸோ டாக்சியோ பிடியுங்கள். 2025 மார்ச்சில் கட்டணத்தை 2000 யென் ஆக்கிவிட்டார்கள். அதிகம்தான், ஆனால் மேற்கு வளாகம், பொக்கிஷ மண்டபம், கிழக்கு வளாகம் மூன்றுக்கும் அந்த ஒரே சீட்டு.

பதில்: மரத்தூண்

அப்பாவுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இளவரசர் ஷோதோகு 607இல் நிறுவிய கோயில் இது. 670இல் அடியோடு எரிந்துபோனதாகப் பழைய அரச வரலாறு சொல்கிறது, அப்படியெல்லாம் இல்லை, நிற்பது மூலக் கட்டடமேதான் என்று ஒரு கட்சி வெகுகாலம் வாதாடியது. 1939இல் பக்கத்திலேயே தோண்டியபோது முந்தைய கோயிலின் அடித்தளம் கிடைத்தது, அதோடு சண்டை பெரும்பாலும் முடிந்தது. ஆக நீங்கள் பார்க்கப்போவது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதை ஒட்டியும் திரும்ப எழுப்பியது. ஆனால் ஐந்தடுக்கு பகோடாவின் நடுத்தூணை மர வளையங்களை எண்ணிச் சோதித்தபோது, அந்த மரம் 594இலேயே வெட்டப்பட்டது என்று தெரிந்தது. அத்தனை வருடம் அது எங்கே கிடந்தது? வேறு கட்டடத்திலிருந்து எடுத்தார்களா, சும்மா அடுக்கி வைத்திருந்தார்களா? இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு பகோடா முன்னால் நிறுத்துங்கள், அரை மணி நேரம் அசைய மாட்டார்.

அந்த பகோடாவின் கீழ்த்தளத்தில் 711இல் செய்த களிமண் சிற்பங்கள் இருக்கின்றன. கம்பி வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். வடக்குப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், புத்தர் பரிநிர்வாணம் அடைந்திருக்கிறார், சுற்றிலும் சீடர்கள் வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். சின்னச் சின்ன உருவங்கள்தான். முழு வளாகத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

பொன் மண்டபத்தில், அதாவது கொன்தோவில், தோரி என்ற சிற்பி 623இல் செய்த வெண்கல சாக்கியமுனி இருக்கிறார். சுவர் ஓவியங்கள் நம் அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டவை. 1949 ஜனவரி 26 அன்று, அவற்றைப் பார்த்துப் பிரதி வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே, தீப்பிடித்துக் கருகிவிட்டன, இப்போது சுவரில் இருப்பவை 1960களில் வரைந்த பிரதிகள். கீழ்த்தளத்துத் தூண்களும் அப்போது மாற்றியவைதான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், ஆனால் அந்தத் தீயினால்தான் 1950இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டமே வந்தது, இன்றைக்கும் ஜனவரி 26 அன்று நாடு முழுக்கக் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது.

அப்புறம் உங்கள் தேதிக்கு ஒரு அதிர்ஷ்டம். கிழக்கு வளாகத்தில் யுமெதோனோ என்ற எண்கோண மண்டபத்துக்குள் இருக்கும் குசே கன்னோன் என்ற போதிசத்துவர் சிலை வருடத்தில் பெரும்பகுதி மூடியே இருக்கும். இலையுதிர் காலத்தில் அக்டோபர் 22 முதல் நவம்பர் 22 வரை திறப்பார்கள். நூற்றாண்டுக் கணக்கில் துணி சுற்றிக் கிடந்த சிலை அது, திறந்தால் நிலம் நடுங்கும் என்று துறவிகள் பயந்தார்களாம். 1884இல் அமெரிக்க அறிஞர் பெனலோசா, ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா இருவரும் அரசாங்க ஆணையோடு வந்து அவிழ்க்க வைத்தார்கள். உறையிலேயே இருந்ததால் தங்கப்பூச்சு இன்னும் மின்னுகிறது.

பதில்: நாராமான்

மேலே எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். ஹோர்யூஜியில் தரை முழுக்கச் சரளைக்கல், மேற்கிலிருந்து கிழக்கு வளாகம் வரை நல்ல நடை. மூட்டு வலிக்காரர் மூன்று பகுதியும் சுற்றிவிட்டு மத்தியானம் தோதாய்ஜிக்கும் போனால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். அப்பாவையும் உங்களையும் ஹோர்யூஜிக்கு அனுப்பிவிட்டு அம்மாவை நேரே நாராவுக்கு அழைத்துப்போக ஆள் இருந்தால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் கிழக்கு வளாகம் முடிவதற்குள் உட்கார்ந்து எழுந்து நிதானமாகப் போங்கள், தோதாய்ஜியில் பெரிய மண்டபத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே மேட்டில் இருக்கும் நிகத்சுதோ மண்டபத்தின் மாடத்திலிருந்து ஊரே தெரியும்தான், ஆனால் படிக்கட்டு.

பழமையை வைத்துத் தோதாய்ஜியைக் குறைத்துப் பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. 1180இலும் 1567இலும் போரில் எரிந்தது, இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது, பழையதை விட அகலம் குறைவு. அப்படியும் அகலம் 57 மீட்டர், உள்ளே கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் வைரோசன புத்தர். வாசலைத் தாண்டியதும் எல்லோருக்கும் கழுத்து தானாக நிமிரும். 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து 736இல் ஜப்பான் வந்த துறவி. தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைப் பேரரசர் குடும்பமும் கூட்டமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அந்தத் தூரிகை இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கோவைப்பெண்

மிக்க நன்றி! அப்பாவிடம் 594 கதையைச் சொன்னேன், இப்போதே பெட்டி கட்டுகிறார். பிரிந்து போக ஆள் இல்லை, அதனால் எல்லோரும் காலை 8 மணிக்கு ஹோர்யூஜி. சாப்பாடு, செருப்பு, கேமரா?

பதில்: மரத்தூண்

இன்னொன்று விட்டுவிட்டேன். கொன்தோவில் சாக்கியமுனிக்கு இரு பக்கமும் 1078இல் செய்த கிச்சிஜோதென்னும் பிஷாமொன்தென்னும் நிற்கிறார்கள், நம் லட்சுமியும் குபேரனும்தான் அவர்கள். அம்மா கும்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஹோர்யூஜி வெளியில் படம் எடுக்கலாம், மண்டபங்களுக்குள் கூடாது. தோதாய்ஜி பெரிய மண்டபத்தில் உள்ளேயும் எடுக்கலாம், ட்ரைபாட் வேண்டாம். இரண்டிலும் செருப்போடு போகலாம், ஹோர்யூஜிக்குப் பக்கத்திலுள்ள சூகூஜி கோயிலுக்குப் போனால் மட்டும் கழற்ற வேண்டும்.

பதில்: ஒசாகாவாசி

சாப்பாடுதான் தலைவலி. காய்கறி உதோன் (தடித்த நூடுல்ஸ்) என்று கேட்டாலும் சாறு மீனில்தான் இருக்கும், "மீன் இல்லை" என்று சொன்னால் மேலே தூவியதை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். நாரா நிலையத்தைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு, மத்தியானம் அங்கே முடித்துக்கொள்ளுங்கள். காலைக்குக் கடையில் பிளம் வைத்த சோற்றுருண்டை வாங்கலாம், ஆனால் அதிலும் பொருள் பட்டியலைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். மான்களுக்குப் போடும் பிஸ்கட்டை வாங்கியதும் அம்மா கையில் கொடுக்காதீர்கள், நாலைந்து மான் சேர்ந்து சேலையை இழுக்கும்.