பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்: கியர் ஆயில் மாற்ற வேண்டும், ஆனால் அடியில் மூன்று இடத்தில் ஈரம்

கேள்வி

வணக்கம். பழைய பிக்கப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர், பின்னால் டிரம் பிரேக். முன்பு வைத்திருந்தவர் இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் இருக்கும் பல்சக்கரக் கூடு) ஆகியவற்றில் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. நான்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

கீழே படுத்துப் பார்த்தால் பின் டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஆயில் பிசுக்கு, அதன் மேல் மண் தடிப்பாக அப்பியிருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் எப்போதும் ஒரு சொட்டு தொங்குகிறது. பின் இடது சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் ஊற்றலாமா? கியர் ஆயில் வகைகளில் ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-ஐ விட உசத்தி, அதையே எங்கும் ஊற்று என்கிறார்கள். சீல்களை (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றிவிட்டு ஆயில் ஊற்றுவதா, ஆயில் மாற்றிப் பார்த்துவிட்டுச் சீலுக்குப் போவதா? "பழைய ஆயிலை எடுத்தால்தான் வம்பு, ஓடுகிற வண்டியை ஓடவிடு" என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில் 1

அந்தப் பயமுறுத்தல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றிய பேச்சிலிருந்து வந்தது, அங்கேயே அது பாதிதான் உண்மை. மேனுவல் கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் அதைப் பொருத்தாதீர்கள், தாராளமாக மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டிரெயின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன் ஃபில்லர் போல்ட் கழன்று வருகிறதா என்று பாருங்கள், நான்கிலும். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேலே போல்ட் துருப்பிடித்து இறுகி வராமல் நின்றால் வண்டி அங்கேயே படுத்துவிடும். வரவில்லை என்றால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு நாள் ஊறவிடுங்கள், அவசரப்பட்டுத் தலையை உருட்டிவிடாதீர்கள்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பது உசத்தி தாழ்த்தி கிடையாது. டிஃபரன்ஷியலில் ஹைபாய்டு பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உரசும், அந்த அழுத்தத்தைத் தாங்க ஜிஎல்-5-ல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பழைய கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள்) இருக்கும், அந்தச் சேர்மானம் காலப்போக்கில் அவற்றை அரிக்கலாம். அரிக்காவிட்டாலும் வழுக்கல் கூடி கியர் விழும்போது கரகரக்கலாம். அதனால் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் மோசம், சிலவற்றுக்கு கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப். ஊகிக்காதீர்கள், கையேட்டைப் பாருங்கள். பின்னால் இருப்பது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலாக (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் வகை) இருந்தால் அதற்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற உரசலைச் சரிப்படுத்தும் சேர்மானம் சேர்க்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் திருப்பங்களில் முனகும்.

கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள். காந்தம் வைத்த டிரெயின் போல்ட் என்றால் அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது சாதாரணம். சில்லு, ஊசி, பல் துண்டு வந்தால் விஷயம் வேறு. ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஊற்றும்போது வண்டி சமமாக நிற்க வேண்டும், முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு அளவு பார்த்தால் அது அளவே இல்லை. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டிருப்பது வண்டியைப் பிடிக்காது, அதனால் கட்டை வைக்காமல் அடியில் நுழையாதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எனக்கு அந்த இடது சக்கரம்தான் உறுத்துகிறது. மற்ற இரண்டும் தரையை அழுக்காக்கும், இது பிரேக்கைக் கெடுக்கும். முதலில் டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே வருவது கியர் ஆயிலா பிரேக் ஆயிலா என்று பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும், மேலே டப்பாவிலும் அளவு இறங்கியிருக்கும். அப்படியென்றால் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் போய்விட்டது. கியர் ஆயில் என்றால் ஆக்சில் சீல். எதுவானாலும் நனைந்த ஷூவை (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டையை) துடைத்துத் திரும்பப் போடும் வேலை வேண்டாம், அது ஊறிப்போயிருக்கும், சூடானதும் திரும்பக் கசியும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

அப்புறம், சீல் வாங்குவதற்கு முன் பின் ஆக்சிலின் பிரீதரைப் பாருங்கள். ஆக்சில் குழாய் மேல் சின்ன மூடியோ ரப்பர் குழாயோ இருக்கும். அது மண்ணில் அடைத்துப்போனால் ஓட ஓட உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக வழியில்லை, சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். பினியனில் (ஷாஃப்ட் வந்து சேரும் இடத்துப் பல்சக்கரத்தில்) ஒரு கசிவு, சக்கரத்தில் ஒரு கசிவு, இரண்டும் ஒரே ஆக்சிலில் என்றால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

பினியன் சீல் மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் மாட்டும் தட்டை) கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, புதுச் சீல் நிலைக்காது. ஆடவில்லை என்றால், கழற்றும் முன் நட், பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் சேர்த்துக் குறி போடுங்கள், வெளியே எத்தனை மரை தெரிகிறது என்றும் எண்ணுங்கள். பல வண்டிகளில் உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று பேரிங்கின் இறுக்கத்தை வைத்திருக்கும். ஏர் கன்னால் கண்மூடித்தனமாக முறுக்கினால் ஸ்லீவ் இன்னும் நசுங்கிப் பேரிங் கெடும். ஃபிளாஞ்சில் சீல் உதடு உரசும் இடத்தில் நகத்துக்குத் தட்டுகிற பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். அதன் மேல் மாட்டும் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் கிடைக்கும், போடுங்கள்.

பதில் 3

இவ்வளவு தூரம் எதற்கு? பழைய வண்டி, 80டபிள்யூ-90 இருக்கிற இடத்தில் அதைவிடக் கெட்டியான 85டபிள்யூ-140 ஊற்றுங்கள், கசிவு நிறுத்தும் ஆயிலும் ஒரு பாட்டில் சேர்த்தால் வேலை முடிந்தது.

பதில் 2-க்காரர்

கெட்டி ஆயில் டிஃபரன்ஷியலில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். கியர்பாக்ஸில் ஊற்றினால் குளிர்ந்திருக்கும்போது சிங்க்ரோ வேலை செய்யாது, கியர் விழ மறுக்கும். கசிவு நிறுத்தும் மருந்து ரப்பரை ஊதவைக்கிறது, நல்ல சீலையும் சேர்த்து. பிரேக் ஷூ மேல் ஆயில் விழும் வண்டிக்கு இதையா சொல்வது?

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பிரீதர் சுத்தமாக அடைத்திருந்தது, கழற்றியதும் புஸ் என்று காற்று வந்தது. சக்கரத்தில் கியர் ஆயில்தான், சீலும் ஷூவும் வாங்கிவிட்டேன். பினியன் ஆடவில்லை, துடைத்து வைத்திருக்கிறேன், ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு குழப்பம். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபில்லர் போல்ட்டைத் திறந்ததும் ஆயில் தானாக வெளியே கொட்டியது. கியர்பாக்ஸில் விரல் விட்டால் ஆயிலே தொடவில்லை. அடியில் தொங்கும் சொட்டு கறுப்பாக, மெல்லியதாக இருக்கிறது, வாடை இல்லை.

பதில் 1-க்காரர்

ஆயில் அளவும் சொட்டும் வேறு வேறு விஷயம். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் ஒரு சீல் இருக்கும், அது தேய்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போய்ச் சேரும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இரண்டையும் வடித்து, வந்ததை அளந்து குறித்து வையுங்கள். சரியான அளவில் ஊற்றிவிட்டு அடிக்கடி இரண்டு ஃபில்லரையும் திறந்து பாருங்கள். மெதுவாகத்தான் போகிறது என்றால் அளவைச் சரிசெய்துகொண்டே ஓட்டலாம், வேகமாகப் போனால் பிரித்துத்தான் ஆகவேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு ஆயில் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில் போலத்தான் தெரிகிறது, கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீலாக இருக்கலாம். ஆனால் வால்வ் கவர் பேக்கிங்கிலிருந்து பின்பக்கமாக வழிந்து அதே இடத்தில் வந்து தொங்குவதும் உண்டு. மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்து, ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலே எங்கே முதலில் ஈரமாகிறது என்று பாருங்கள். பின் சீல்தான் என்றாலும் ஒரு சொட்டுக்காக கியர்பாக்ஸை இறக்க நான் சொல்லமாட்டேன். கிளட்ச் மாற்றும் நாளில் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கியர்பாக்ஸ் இன்புட் சீலையும் கூடவே.