விக்ரம் ஏன் மீண்டும் எழவில்லை, வாயேஜர் எப்படி இன்னும் இயங்குகிறது?

கேள்வி – தென்துருவம்
சந்திரயான்-3-இன் தரையிறங்கு கலமான விக்ரம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. செப்டம்பர் 4 அன்று உறங்க வைக்கப்பட்டது. பிறகு எழவே இல்லை. அதன் சூரியத் தகடுகள் 738 வாட் தரக்கூடியவை என்று படித்தேன். மறுபடி விடிந்து தகடுகளில் வெயில் பட்ட பின்னும் அது ஏன் எழவில்லை? 1977-இல் புறப்பட்ட நாசாவின் வாயேஜர் விண்கலங்கள் மட்டும் எப்படி இன்றும் தகவல் அனுப்புகின்றன?

பதில் – மின்பணியாளர்
விக்ரமை வீழ்த்தியது குளிராகத்தான் இருக்க வேண்டும். நிலவின் இரவு நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாள். 2019-இல் இறங்கிய சீனாவின் சாங்-இ 4 இரவில் அளந்த வெப்பநிலை மைனஸ் 190 டிகிரி. லித்தியம் அயனி பேட்டரிக்குள் இருக்கும் திரவம் அதற்கு வெகு முன்பே உறைந்துவிடும்; சாலிடர் வைத்த இணைப்புகளும் சுருங்கி விரிசல் விடக்கூடும். விக்ரம் வடிவமைக்கப்பட்டதே ஒரு நிலவுப் பகலுக்குத்தான். ஆயினும் விக்ரமோடு போன பிரக்யான் ஊர்தியின் பேட்டரியை முழுவதும் ஏற்றி, தகட்டை விடியல் வரும் திசைக்குத் திருப்பி வைத்துவிட்டே உறங்க வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

பதில் – பழைய விண்கலன்
1970-இல் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லூனகோத் 1 என்ற நிலவு ஊர்தி இதே இரவுகளைப் பல மாதங்கள் தாங்கியது. தொட்டி போன்ற உடலுக்கு மேல் ஒரு மூடி. மூடியின் உட்புறம் சூரியத் தகடு. பகலில் மூடி திறந்து வெயில் காயும். இரவில் மூடிக்கொள்ள, பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் தரும் சூடு உள்ளிருக்கும் கருவிகளைக் காக்கும். அந்தப் பொலோனியம் மின்சாரம் தரவில்லை, கதகதப்பை மட்டுமே தந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

பதில் – நெடுந்தொலைவு
வாயேஜர் சூரியனை நம்பியதே இல்லை. புளூட்டோனியம்-238 என்ற கதிரியக்கப் பொருள் சிதையும்போது எழும் சூடு வெப்பமின் இணைகளின் ஒரு முனையில் படுகிறது. மறுமுனை விண்வெளியின் குளிரை நோக்கியிருக்கிறது. இந்த வேறுபாடே மின்சாரமாகிறது. சுழலும் பாகம் எதுவுமில்லாததால் தேய்மானமும் குறைவு. ஆனால் புளூட்டோனியத்தின் அரை ஆயுள் (பாதி சிதைந்து தீர ஆகும் காலம்) 87.7 ஆண்டுகள், இணைகளும் நாளடைவில் வலுவிழக்கின்றன. ஆகவே புறப்பட்டபோது 470 வாட் அளவில் இருந்த மின்சாரம் இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே போகிறது. 2019-இல் வாயேஜர் 2-இன் காஸ்மிக் கதிர்க் கருவிக்குச் சூடேற்றும் ஹீட்டரையே அணைக்க நேர்ந்தது. கருவி மைனஸ் 59 டிகிரிக்கு இறங்கியது. பூமியில் அதைச் சோதித்ததோ மைனஸ் 45 வரைதான். அந்தக் குளிரிலும் அது தரவு அனுப்பிக்கொண்டிருந்தது.