மாசியில் தனுஷ்கோடி, காரங்காடு போகிறோம்: கடலோரத்தைக் கெடுக்காமல் வந்து போவது எப்படி?

மதுரைவாசி:
வணக்கம். மாசிக் கடைசியில் இரண்டு குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் பக்கம் வருகிறோம். தெரிந்தவர்கள் போய்வந்த படங்களில் அலை ஓரம் வரைக்கும் ஜீப் நிற்கிறது, பக்கத்திலேயே பிளாஸ்டிக் தட்டு கிடக்கிறது. நாங்களும் அப்படிச் செய்துவிடக் கூடாது. தனுஷ்கோடி மணலில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா? குருசடைத் தீவுக்குப் போக முடியுமா?

பாம்பன் கரை:
கூடாரம் வேண்டாம் தம்பி. சாயங்காலத்துக்கு மேல் அங்கே இருக்கவும் விடமாட்டார்கள். நீங்கள் வருகிற மாசம்தான் பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி முட்டையிடுகிற காலம். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போய்விடும், மேலே பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அதன்மேல் ஜீப் ஏறினால் மணல் இறுகிப்போய் குஞ்சு மேலே வரமுடியாது. வந்தாலும், வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓடும், அதனால் கரையில் லைட்டோ நெருப்போ இருந்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து செத்துப்போகும். வண்டியைத் தார் ரோட்டோடு நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஆமைத் தடம் கண்ணில் பட்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தீவுக்கு வனத்துறை விடுகிற படகில் மட்டும் போங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, யாராவது தனியாகக் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள்.

தொண்டிக்காரி:
காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள், பறவை நிறையப் பார்க்கலாம். வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள், அதனால் நீங்கள் கொடுக்கிற காசில் ஊருக்கும் பங்கு உண்டு. அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றில் குச்சி குச்சியாக நிற்பது மூச்சு வேர், மிதித்தால் ஒடிந்துவிடும். பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, படகை வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள். எங்கள் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் குறைவு, அடியில் கடல்புல் மண்டிக் கிடக்கிறது, அதை மேயத்தான் கடல்பசு வருகிறது. எங்கள் பெரியவர்கள் ஆவுளியா என்பார்கள். அது மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும், அந்த நேரத்தில் வேகமாகப் போகிற படகு இடித்துவிடும்.

மதுரைவாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. கூடாரத்தை விட்டுவிட்டோம். பிள்ளைகள் சிப்பி பொறுக்கலாமா? கடையில் பவளம் வாங்கலாமா?

பாம்பன் கரை:
பவளம், கடல்குதிரை இரண்டும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓலைக் கொட்டான் வாங்குங்கள், பனங்கருப்பட்டி வாங்குங்கள். சிப்பியைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடட்டும், காலி ஓட்டைத் தேடி அலைகிற நண்டு உண்டு. தனுஷ்கோடியில் பூநாரை கூட்டமாக நிற்கும், அந்த இடத்தை 2025-இல் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். படத்துக்காகக் கிட்டப் போய்ப் பறக்கவிடாதீர்கள், அவ்வளவு தூரம் வருவதே இரை தின்னத்தான்.

தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி ஊற்று வைத்திருப்பார்கள். அங்கே இருக்கிற மீனவக் குடும்பங்களுக்குக் குடிதண்ணீர் அதுதான். அதில் கால் கழுவுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டயாபர், பாட்டில், தட்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.