மறுமொழி: 'மேற்கு வெறுப்பு' என்ற சொல் பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

> நம் கலைச்சொல் பட்டியலில் 'ஆன்ட்டி-வெஸ்டர்னிசம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மேற்கு வெறுப்பு' போதும் என நினைக்கிறேன்.

சொல் சுருக்கமாக இருக்கிறது. அதற்கு மேல் அதை ஆதரிக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை. காலனிகளாக இருந்த நாடுகளின் மக்கள் மேலை வல்லரசுகளையும் அவற்றின் கூட்டாளிகளையும் பார்க்கும் பார்வைக்கு நாம் பெயரிடுகிறோம் என்றால், அப்பார்வை எதிலிருந்து பிறந்தது என்பதைப் பெயர் மறைத்துவிடக் கூடாது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பாருங்கள். மொரீசியஸ் 1968இல் விடுதலை பெறுவதற்கு முன்பே, 1965இல், பிரிட்டன் அத்தீவுக்கூட்டத்தைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. அவற்றுள் பெரிய தீவான தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக அங்கே வாழ்ந்த மக்கள் 1973க்குள் முற்றிலுமாக வெளியேற்றப்பட்டனர். மொரீசியசின் காலனிய நீக்கம் சட்டப்படி நிறைவுறவில்லை என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தபின், அதையொட்டி ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 116 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த ஆறு நாடுகளுள் பிரிட்டனோடு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இருந்தன. இதைக் கண்டிருந்தவர், அந்நாடுகளே 'விதிவழி உலக ஒழுங்கு' பற்றிப் பேசும்போது புருவத்தை உயர்த்தினால் அதற்குப் பெயர் வெறுப்பா? உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்த 2022 மார்ச் ஐ.நா. தீர்மானத்தில் இந்தியா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகியதையும் சிலர் இந்த ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டார்கள். எண்ணெய், ஆயுதம், உள்நாட்டுக் கணக்கு எனப் பல காரணங்கள் அங்கே கலந்திருந்தன.

வெறுப்பு என்றால் வியட்நாமை எப்படி விளக்குவது? பிரான்சோடும் அமெரிக்காவோடும் போரிட்ட அந்நாடு 2023இல் அமெரிக்காவுடனான உறவைத் தன் மிக உயர்ந்த நிலைக்கு உயர்த்திக்கொண்டது. மேலைப் பல்கலைக்கழகத்தில் இடம் தேடும் இளைஞரே மேலை அரசுகளின் அறிவுரையை நம்ப மறுப்பதும் நாம் அறிந்ததுதான்.

ஆகவே 'பட்டறிவு ஐயம்' என்று முன்மொழிகிறேன். பட்டவர் அறிந்ததால் எழும் ஐயம் என்பது பொருள்.

* * *

ஐயா, கருத்து சரி, சொல்லில் இடறல் இருக்கிறது. 'பட்டறிவு' மெய்யியலில் ஏற்கெனவே வேறு பணியில் இருப்பதால், இதைப் படிப்பவர் புலனறிவு பற்றிய ஐயவாதம் என்றே கொள்வார். 'ஆளப்பட்டோர் ஐயம்' என்றால் அந்தக் குழப்பமில்லை. அதில் திசை இல்லை என்பதும் நல்லதே: ஜப்பானைக் கொரியர்கள் பார்ப்பதற்கும், மாஸ்கோவை எஸ்தோனியர்கள் பார்ப்பதற்கும் அதே சொல் நிற்கும். ஒன்று மட்டும் வரையறையில் சேர வேண்டும். தம் மக்களை ஒடுக்கிவிட்டு, கேள்வி எழும்போதெல்லாம் காலனியத்தைக் காட்டித் தப்பும் ஆட்சியாளர்களின் பேச்சு இச்சொல்லுக்குள் வராது. அது மக்களின் ஐயத்தைக் கடன் வாங்கிய வாதம், அதற்குப் பட்டியலில் தனிச் சொல் வேண்டும்.

* * *

ஏற்கிறேன், அம்மா. 'பட்டறிவு ஐயம்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். 'மேற்கெதிர்ப்பு' என்ற சொல்லை, மேற்கை எதிர்ப்பதாக வெளிப்படையாக அறிவித்த அரசியல் கொள்கைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, 'ஆளப்பட்டோர் ஐயம்' என்பதை உங்கள் வரையறையோடு பட்டியலில் சேர்க்கிறேன்.