7 வயசு பையனுக்கு ஏடிஹெச்டி, மாத்திரையா தெரபியா?

பையனுக்கு ஏடிஹெச்டினு (கவனம் நிக்காம, ஒரு இடத்துல இருக்க முடியாம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனை) உறுதியாயிடுச்சு, டாக்டர் அதுக்கு மெத்தில்ஃபெனிடேட்ங்கிற மாத்திரைய ஆரம்பிக்கலாம்ங்கிறாங்க ஆனா எனக்கு மனசே வரல. ஒரு வரி எழுதுறதுக்குள்ள நாலு தடவை எந்திரிக்கிறான், பென்சில கடிச்சு துப்பிட்டு அழறான். நடத்தைய மாத்துற தெரபி மட்டும் போதுமா?

பதில் 1:
6 வயசுக்கு கீழனா முதல்ல பெத்தவங்களுக்கான பயிற்சிதான் சொல்வாங்க, அதுக்கு மேலனா பெரும்பாலும் மாத்திரை, தெரபி ரெண்டும் சேர்த்துதான். என் பொண்ணுக்கு மாத்திரை ஆரம்பிச்சப்போ மத்தியானம் பசியே எடுக்காது, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும், அப்புறம் காலைல மாத்திரைக்கு முன்னாடியே வயிறார சாப்பிட வச்சோம். இப்ப முழுப் பக்கம் எழுதுறா.

பதில் 2:
எடை, உயரம், பிபி, நாடித்துடிப்பு அப்பப்ப பாக்கச் சொல்லுங்க. தூக்கம் கெட்டா டோஸையோ நேரத்தையோ டாக்டர் மாத்துவாங்க. இந்த மாத்திரை ஒத்துக்கலனா அடாமாக்ஸெடின்னு வேற மருந்து இருக்கு, ஆனா அது வேலை செய்ய சில வாரம் ஆகும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, பசி விஷயத்த நாளைக்கே டாக்டர்ட்ட பேசுறேன்.