அவசர உதவி: சிடி பெட்டியில் மஞ்சள் கோடு வரவில்லை

வைகைக்கரை: நாளைக்குக் காலையில பொண்ணுக்கு ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி. அட்டைப்பெட்டியில பழைய சிடி வச்சு, வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சுக் காட்டுற நிறமாலைப் பெட்டி செஞ்சிருக்கோம். மஞ்சள் வெளிச்சம் காட்டினா மஞ்சளே வரல. சிவப்பு ஒரு பட்டை, பச்சை ஒரு பட்டை, நடுவுல இருட்டு. பெட்டியில என்ன தப்பு? சீக்கிரம் சொல்லுங்க.

தச்சன்பட்டறை: வெளிச்சம் உள்ள வர்ற பிளவு எவ்வளவு அகலம்? ரெண்டு ஷேவிங் பிளேடை முடி அகலத்துக்கு நெருக்கி ஒட்டுங்க. எனக்கு எப்பவும் அதுதான் பிரச்சனை.

நிலாச்சோறு: சிடியை மாத்துங்க. அதுல மில்லிமீட்டருக்கு 625 தடம்தான். டிவிடியில கிட்டத்தட்ட 1350, நிறம் நல்லா விரியும்.

இயற்பியல்_மூத்தவர்: எந்த வெளிச்சம்னே சொல்லாம பெட்டியைக் குறை சொன்னா எப்படி? ஒளி மூலம் தெரியாம நிறமாலை பத்திப் பேசவே முடியாது. அடிப்படையைப் படிச்சிட்டு வந்து கேளுங்க.

வைகைக்கரை: மன்னிக்கணும் சார். போன் ஸ்க்ரீன் முழுக்க மஞ்சள் படம் வச்சுக் காட்டினேன்.

கோடைமழை: அப்போ உங்க பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது அண்ணா! போன்ல மஞ்சள் ஒளியே கிடையாது, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்தான். 580 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் இருக்கிற அசல் மஞ்சள், கண்ணுல சிவப்புப் பக்க செல்லையும் பச்சைப் பக்க செல்லையும் சேர்த்துத் தூண்டும். சிவப்பும் பச்சையும் ஒண்ணா வந்தாலும் அதே தூண்டல்தான். கண்ணால பிரிச்சுச் சொல்ல முடியாததை உங்க பொண்ணோட சிடி பிரிச்சுக் காட்டுது. கண்காட்சிக்கு இதை விட நல்ல விஷயம் வேற என்ன வேணும்?
அசல் மஞ்சளுக்கு: ஸ்பூன் நுனியை நனைச்சு, தூள் உப்பைத் தொட்டு, இடுக்கியால கேஸ் தீயில காட்டுங்க. கல்லுப்பு வேண்டாம், வெடிச்சுத் தெறிக்கும். ஸ்பூனைப் பெரியவங்கதான் பிடிக்கணும். அறை விளக்கை அணைச்சிட்டா உப்புல இருக்கிற சோடியத்தோட 589 நானோமீட்டர் கோடு தெரியும்.

தச்சன்பட்டறை: தெருவுல சோடியம் விளக்கு இருந்தா அதையே பாக்கலாமே?

இயற்பியல்_மூத்தவர்: நம்ம தெருவுல இருந்ததெல்லாம் உயர் அழுத்த வகை. அதுல வேற நிறங்களும் பரவி வரும். உப்புதான் சரி. சூரியனை மட்டும் நேரா பாக்க விடாதீங்க.

நிலாச்சோறு: சார்ட்டுல ஏழு நிறம்னு எழுதாதீங்க. நியூட்டன் முதல்ல அஞ்சுதான் சொன்னார். இசையோட ஏழு சுரத்துக்குப் பொருந்தணும்னு ஆரஞ்சையும் கருநீலத்தையும் பிறகு சேர்த்தார்.

வகுப்பறை_டீச்சர்: பாடப்புத்தகத்துல ஏழு. நடுவர் அதைத்தான் கேப்பார். பிள்ளையைக் குழப்பாதீங்க.

நிலாச்சோறு: ஊதா எதுன்னே நமக்குள்ள ஒத்துப்போகல டீச்சர். எங்க பாட்டி நீலத்தைத்தான் ஊதாம்பாங்க.

கோடைமழை: கத்தரிப்பூ நிறத்தை விட்டுட்டீங்க. சிவப்பும் நீலமும் கலந்த அந்த நிறத்துக்குத் தனி அலைநீளமே கிடையாது.

வகுப்பறை_டீச்சர்: அப்போ வானவில்லோட ஓரத்துல தெரியறது?

கோடைமழை: அது 400 நானோமீட்டர் பக்கம் வர்ற அசல் ஊதா. ரெண்டும் வேற.

வைகைக்கரை: உப்பு வச்சுப் பாத்தோம். ஒரே மஞ்சள் கோடு! பக்கத்துல போனையும் வச்சுக் காட்டப்போறா. எல்லாருக்கும் நன்றி.

நிலாச்சோறு: டிவிடியிலயும் ஒருதடவை பாருங்க.